டிஸ்டார்ஷனுக்குத் ‘திரிபொலி’: பழைய ராக் இசைத்தட்டுகளை முன்வைத்து

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ராக் இசை பற்றித் தமிழில் எழுதுவோருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘டிஸ்டார்ஷன்’ (மின்கிட்டார் முதலியவற்றின் ஒலி உறுமலாக முறுகி மாறுவது) என்பதற்கு இதுவரை சிதைவொலி, கரகரப்பொலி, உருக்குலைவு என மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. நான்காவதாகத் ‘திரிபொலி’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். பழைய ராக் இசைத்தட்டுகளை நெடுங்காலமாகக் கேட்டுவருபவன் என்ற முறையில், ஒவ்வொரு சொல்லும் எந்தத் தட்டுக்குப் பொருந்துகிறது, எந்தத் தட்டில் தடுமாறுகிறது என்று காதால் சோதித்த பிறகே நாம் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து. வந்த மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்துக்கொண்டு மறுமொழி தருகிறேன்.

> சிதைவொலி என்பதே நேரான சொல். பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) தாங்கும் அளவை மீறும்போது ஒலி சிதைகிறது.

இந்த ஒலியின் பிறப்பைப் பார்த்தால் நண்பர் சொல்வது சரியாகவே இருக்கிறது. 1951-இல் மெம்பிஸ் நகரில் பதிவான ‘ராக்கெட் 88’ பாடலில் கிட்டார் அப்படி உறுமுவதற்குக் காரணம், வழியில் பழுதாகிப்போன ஒரு பெருக்கி. 1958-இல் கிட்டார் கலைஞர் லிங்க் ரே தன் ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டு ‘ரம்பிள்’ என்ற இசைத்துண்டை வாசித்தார். அதில் ஒரு சொல்கூடப் பாடப்படவில்லை, ஆயினும் சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1960-களின் தொடக்கத்தில் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றைப் பதிவுசெய்தபோது கலவை மேசையின் (மிக்சரின்) ஒரு தடம் கெட்டு, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் தனியாவர்த்தனம் முழுவதும் ஒரு பெருவண்டு பறப்பதுபோல் பதிவாயிற்று. இவை மூன்றையும் சிதைவு என்று அழைத்தால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கதை அத்துடன் நிற்கவில்லை. அந்த நாஷ்வில் பதிவின் பொறியாளர் கிளென் ஸ்னாடி, கெட்டுப்போன தடத்தின் ஒலியை வேண்டும்போது வரவழைக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய பெருக்கியின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர அலகால் தானே கீறினார். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அந்த மிதிபெட்டியைக் கொண்டு ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலின் தொடக்க வரியை வாசித்ததும், கடைகளில் இருந்த பெட்டிகள் அவ்வாண்டு முடிவதற்குள் விற்றுத்தீர்ந்தன. பழுதாகப் பிறந்த ஒன்று பதினைந்து ஆண்டுகளுக்குள் கலைஞன் தேர்ந்து எடுக்கும் நிறமாகிவிட்டது. அதைத் தொடர்ந்து சிதைவு என்றே அழைத்தால், 1965-க்குப் பிறகு வந்த இசையை விளக்கும் ஒவ்வொரு வாக்கியத்திலும் நாம் அறியாமலேயே ஒரு குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

> கரகரப்பு என்றால் எல்லோருக்கும் உடனே விளங்கும்.

விளங்கும், ஆனால் ஒரு வகைதான் விளங்கும். மேலே சொன்ன மிதிபெட்டியின் ஒலிக்குக் கரகரப்பு பொருத்தமே. 1966-இல் வெளிவந்த ஜான் மேயாலின் ‘ப்ளூஸ் பிரேக்கர்ஸ் வித் எரிக் கிளாப்டன்’ தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் பெருக்கியில் இணைத்து, மேடையில் வாசிப்பதைப் போன்ற உரப்புடனேயே ஒலிப்பதிவுக்கூடத்திலும் வாசிப்பேன் என்று கிளாப்டன் பிடிவாதம் பிடித்ததால் கிடைத்த ஒலி அது. அதில் கரகரப்பு ஏறத்தாழ இல்லை. தடித்து, இழைந்து, மீட்டிய சுரம் அடங்காமல் நீண்டு நின்று, ஒரு பாடகரின் கமகத்தைப் போல வளைந்து கொடுக்கிறது. ப்ளூஸ் சார்ந்த ராக் தட்டுகளில் கிட்டாரின் குரல் இவ்வளவு நிறைவாக அமைந்த வேறொன்றை நான் கேட்டதில்லை. கிளாப்டனே பிற்காலத்தில் வெளியிட்டவற்றுள் இதற்கு ஈடாக எதையும் நான் வைக்க மாட்டேன். இதைப் போய்க் கரகரப்பொலி என்று எழுதினால், தட்டைக் கேட்ட வாசகர் நம் சொல்லை நம்பாமல் போவார்.

> உருக்குலைவு, திரிபு ஆகியவை மின்னணுவியல் எழுத்தில் ஏற்கெனவே உள்ளன. புதுச்சொல் எதற்கு?

இரண்டில் திரிபை நான் எடுத்துக்கொள்கிறேன். உருக்குலைந்த ஒன்றுக்கு உரு இல்லை; திரிந்த ஒன்றுக்கு வேறோர் உரு உண்டு. நம் இலக்கணம் இதை மிகத் தெளிவாக வைத்திருக்கிறது. நன்னூல் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாகப் பகுக்கிறது. பூவும் கொடியும் சேர்ந்து பூங்கொடியாவதும், பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமாவதும், மரமும் வேரும் சேர்ந்து மரவேராவதும் மொழியின் பழுது என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு சொற்கள் நெருங்கும்போது இயல்பாகவே நிகழும் மாற்றம் அது. யாப்பிலும் அடிதோறும் முதலெழுத்து மட்டும் மாற, அதனை அடுத்த எழுத்துகள் மாறாமல் வரப் பாடுவதைத் திரிபு என்கிறோம். அந்தாதி பாடிய புலவர்கள் அதைத் தங்கள் திறமைக்குச் சான்றாகவே செய்துகாட்டினார்கள்.

வியப்பு என்னவென்றால், பெருக்கிக்குள் நடப்பதும் இந்த மூன்றுமே. குறிப்பலையின் (சிக்னலின்) வீச்சு பெருக்கியின் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன, இது கெடுதல். வளைந்திருந்த அலை சதுரத்தை நோக்கி வடிவம் மாறுகிறது, இது திரிதல். அந்த வடிவமாற்றத்தின் விளைவாக, மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் (ஹார்மோனிக்ஸ்) பிறக்கின்றன, இது தோன்றல். மூன்றில் காதுக்கு முதலில் எட்டுவது தோன்றல்தான். சிதைவொலி என்ற சொல் கெடுதலை மட்டும் சொல்கிறது. பிறப்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

பிறப்பது எவ்வளவு முதன்மையானது என்பதற்கு ஒரு கணக்கைத் தருகிறேன். கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைச் சட்ஜமாகக் கொண்டால் பஞ்சமம் ஏறத்தாழ 123 ஹெர்ட்ஸ். இவ்விரண்டையும் சேர்த்து மீட்டிப் பெருக்கியை எல்லைக்கு மேல் தள்ளினால், இரண்டின் வேறுபாடான 41 ஹெர்ட்ஸில் ஒரு புதிய ஒலி எழுகிறது. அது சட்ஜத்துக்குச் சரியாக ஒரு தாயி (ஆக்டேவ்) கீழே நிற்கும் சட்ஜம். யாரும் மீட்டாத சுரம். சட்ஜத்துடன் காந்தாரத்தைச் சேர்த்து இப்படித் தள்ளினால், பிறக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்குகின்றன. ராக் கிட்டார் கலைஞர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டுச் சட்ஜ பஞ்சமத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டது இதனால்தான். நம் பழைய பெயர்களில் குரலும் இளியும். திரிபு இல்லாவிட்டால் கனராக் (ஹார்ட் ராக்) இசையின் இலக்கணமே வேறாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1970 பிப்ரவரியில் வெளிவந்த பிளாக் சாபத் குழுவின் முதல் தட்டைக் கேட்கும்போது இந்தக் கணக்கு ஒலியாகவே நிற்கிறது. பர்மிங்காமின் தகரத் தொழிற்சாலை ஒன்றில் டோனி அயோமியின் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகள் துண்டிக்கப்பட்டன. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர், ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கிச் செய்த உறைகளை அணிந்து, மெல்லிய தந்திகளைக் கட்டி வாசித்தார். தட்டின் முதல் பாடலில் சட்ஜமும் அதன் மேல்தாயிச் சட்ஜமும் ஒலித்த பிறகு, எல்லோரும் எதிர்பார்க்கும் பஞ்சமத்துக்குப் போகாமல் அதற்கு அரைச்சுரம் கீழே பிரதி மத்தியமத்தில் போய் நிற்கிறார். அப்பாடல் எழுப்பும் அச்சம் முழுவதும் அந்த அரைச்சுரத்தில் இருக்கிறது. இத்தட்டைப் பேரிரைச்சல் என்று எழுதுவோர் அதைக் கவனமாகக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்; பின்னாளில் வந்த எத்தனையோ தட்டுகளைவிட இதில் திரிபு குறைவு, சுரங்களுக்கிடையே வெளி மிகுதி. ஏறத்தாழ ஒரே நாளில் பதிவான தட்டு என்பதால் விரல் உறை தந்தியில் உரசுவதையும் சேர்த்துக் கேட்பதாக எனக்குத் தோன்றும். 1971-இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியதால் ஒலி மேலும் கனத்தது; ஆனாலும் எனக்கு முதல் தட்டே மேல்.

சொல்லில் ‘கிட்டார்’ என்ற பொருள் ஒட்டக்கூடாது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். டீப் பர்ப்பிள் குழுவின் ‘மெஷின் ஹெட்’ தட்டில், 1972, ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் பெருக்கி வழியாக வாசித்தார். ‘லேசி’ பாடலின் தொடக்கத்தில் உறுமுவது கிட்டார் என்று நினைப்போர் உண்டு. கிங் கிரிம்சன் குழுவின் 1969 தட்டில் முதல் பாடலில் திரிக்கப்படுவது கிரெக் லேக்கின் பாட்டுக் குரலே. இரண்டையும் திரிபொலி இயல்பாகத் தழுவிக்கொள்கிறது.

> அப்படியானால் சிதைவு என்ற சொல்லை முற்றிலும் விலக்கிவிடுவதா?

விலக்க வேண்டாம், அதற்கென ஒரு வேலை இருக்கிறது. ஸ்டூஜஸ் குழுவின் ‘ரா பவர்’, 1973. டேவிட் போவி கலவை செய்த மூலத் தட்டில் ஜேம்ஸ் வில்லியம்சனின் கிட்டார் முன்னே வந்து கத்துகிறது. பேஸும் முரசும் பின்னே மெலிந்து கிடக்கின்றன. 1997-இல் குழுவின் பாடகர் இக்கி பாப் தாமே மறுகலவை செய்து, டிஜிட்டல் அளவின் உச்சத்தையும் தாண்டி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார். இரண்டிலும் முகடுகள் வெட்டுப்படுகின்றன. இரண்டும் வேண்டியே செய்யப்பட்டவை. ஆகவே, வேண்டிச் செய்தால் திரிபு, தவறி நேர்ந்தால் சிதைவு என்ற எளிய பகுப்பு இங்கே உதவாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. வில்லியம்சனின் கிட்டாரில் திரிபு அவருடைய விரலுக்குக் கட்டுப்பட்டது; அவர் மெல்லத் தொட்டால் ஒலி தெளிகிறது, அழுத்தினால் முறுகுகிறது. மறுகலவையில் குரல், முரசு, கிட்டார் எல்லாம் ஒரே கூரையில் ஒருசேர முட்டுகின்றன; எந்தக் கலைஞரின் விரலும் அதை ஆள முடியாது. முன்னதைத் திரிபொலி என்றும் பின்னதை ஒலிச்சிதைவு என்றும் பிரிக்கலாம். எனக்கு 1973-இன் கலவையே பிடிக்கும், அதன் மெலிவையும் சேர்த்து.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் ‘வைட் லைட் வைட் ஹீட்’, 1968, இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது. பதினேழு நிமிடத்துக்கு மேல் ஓடும் அதன் கடைசிப் பாடல் ஒரே எடுப்பில் பதிவானது. கிட்டார்களும் ஆர்கனும் ஒன்றையொன்று விழுங்கும் அந்த இரைச்சலில் தனித்தனித் திரிபுகள் சேர்ந்து ஒலிநாடாவையே திணறவைக்கின்றன. அங்கே இரண்டு சொற்களும் வேண்டும் என்பேன். நீல் யங்கின் ‘ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்’, 1979, மாறாக மிகத் தெளிவான பாடம்: ஏறத்தாழ ஒரே பாடல் தட்டின் தொடக்கத்தில் மின்னிணைப்பில்லாத கிட்டாரிலும், இறுதியில் கடுந்திரிபிலும் வருகிறது. ‘திரிபொலி’ என்பதற்குக் கேட்டு உணரும் எடுத்துக்காட்டு கேட்போரிடம் இந்தத் தட்டைத்தான் கொடுப்பேன்.

> இக்காலத் தமிழில் ‘திரித்துக் கூறினார்’, ‘வரலாற்றுத் திரிபு’ என்றெல்லாம் இழிபொருள் இருக்கிறதே.

எனக்கு வந்த மறுப்புகளில் வலுவானது இதுவே. வினையாகப் பயன்படுத்தும்போது சிக்கல் வரும். ‘திரித்து வாசித்தார்’ என்றால் தவறாக வாசித்தார் என்றே பொருள்படும். ஆகவே ‘திரிபொலியில் வாசித்தார்’ எனப் பெயராக நிறுத்தும்படி குறிப்பு எழுதலாம். இழிபொருள் ஓரளவு ஒட்டியிருப்பதும் ஏற்கத்தக்கதே: இந்த ஒலியில் ஒரு மீறல் இருப்பதை லிங்க் ரேயை ஒலிபரப்ப மறுத்த வானொலிகளும் அறிந்திருந்தன.

கிளைச்சொற்கள் பற்றிச் சுருக்கமாக. வால்வுப் பெருக்கி முகட்டை உருட்டித் தேய்ப்பதை மென்திரிபு என்றும், கூர்மையாக வெட்டுவதை வன்திரிபு என்றும் சொல்லலாம். மேஸ்ட்ரோ மிதிபெட்டி தரும் ‘ஃபஸ்’ என்பதற்கு முரல்திரிபு: வண்டு முரல்வதையும் யாழ் முரல்வதையும் ஒரே வினையால் சொன்ன மொழி நம்முடையது. மிதிபெட்டிக்குப் பெருக்கி என்பதன் போக்கில் திரிப்பி. பட்டியலுக்கான வரைவு இது:

திரிபொலி: இசைக்கருவியின் அல்லது குரலின் குறிப்பலை, பெருக்கியின் எல்லையை மீறுவதால் முகடு வெட்டுப்பட்டு, புதிய மேற்சுரங்களுடன், இசைப்பவரின் அழுத்தத்துக்கேற்ப மாறி ஒலிப்பது.

‘ஃபீட்பேக்’ என்பதை இதனுடன் சேர்க்கவில்லை. பின்னூட்டம் என்ற சொல் வாசகர் கருத்துக்கு நிலைபெற்றுவிட்டது. ஸ்பீக்கரின் ஒலி தந்தியை மீண்டும் அதிரவைத்துத் தானே வளர்வதற்கு வேறு சொல் வேண்டும். கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1967 தட்டுகளை வைத்து அதை யாராவது தனி இழையில் தொடங்கினால் நானும் கலந்துகொள்கிறேன். இந்த வரைவில் ‘அழுத்தத்துக்கேற்ப’ என்ற பகுதி கிங் கிரிம்சனின் குரலுக்குப் பொருந்துகிறதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினன்