ஒப்பந்தப் பிரிவுக்கு எத்தனை ஆள் கேட்கலாம்?

கடலோரக்கோப்பு:
உச்சிப்புளி, மண்டபம் பக்கம் உள்ள படைத்தளம் ஒன்றின் ஒப்பந்தப் (கொள்முதல்) பிரிவுன்னு வச்சுக்குங்க. வருஷத்துக்கு 150 ஜெம் (GeM, அரசு இணையச் சந்தை) நேரடிக் கொள்முதல், 30 ஏலக் கொள்முதல், 8 கட்டுமானப் பணி. மொத்த ரூபாய் மதிப்பை வச்சு ஆள் கேட்டா சரியா வருமா?

உப்புக்காத்து:
வராது சார். ஒரு கோடிக்கு ஒரே ஆர்டர் முடிஞ்சிரும். உப்புக் காத்துல துருப்பிடிச்ச தகரம், ஏசி ரிப்பேர்னு சில்லறைக் கோப்புதான் ஆளைத் தின்னும். மணிக்கணக்கு போடுங்க.

ஒரு ஆளுக்கு: 365-ல வார விடுமுறை 104, பண்டிகை 17, ஈட்டிய விடுப்பு 30, தற்செயல் விடுப்பு 8 போக 206 நாள். நாளுக்கு 6 மணி உருப்படியான வேலைன்னா 1236 மணி.

வேலைக்கு, எண்ணிக்கை × ஒரு கோப்புக்கு ஆகுற மணி (மாதிரி எண்கள்தான், உங்க பழைய கோப்புல அளந்து மாத்துங்க): 150×6 = 900, 30×40 = 1200, 8×110 = 880. ஆக 2980. கால நீட்டிப்பு, பில், ஆடிட் பதில் இதெல்லாம் 30% சேர்த்தா 3874. 1236-ஆல வகுத்தா 3.13 ஆள். இந்த 30%-ஐ விட்டுட்டுதான் பலர் ரெண்டரை ஆள்னு எழுதி மாட்டிக்கிறாங்க.

மார்ச்பில்:
சராசரி மட்டும் போதாது. வடகிழக்குப் பருவமழையில கட்டுமானம் நிக்கும், பில் எல்லாம் பிப்ரவரி, மார்ச்ல குவியும். விளம்பர டெண்டருக்குப் பொதுவா குறைஞ்சது மூணு வாரம் கொடுக்கணும். ஆள் கூட்டினாலும் அது சுருங்காது. அதனால 4 கேளுங்க. தேவைப்பட்டியல் எழுதுறவரே சரக்கைச் சரிபார்த்து வாங்குற மாதிரி மட்டும் வேலையைப் பிரிக்காதீங்க.

கடலோரக்கோப்பு:
கட்டுமானத்துக்கு 110 மணியில தள ஆய்வும் அடக்கமா?

உப்புக்காத்து:
இல்லை, கோப்பு வேலை மட்டும். தள ஆய்வு பொறியாளர் கணக்கு.