மறு: கேமரா மாத்திரைக்கு முந்திய மாத்திரை – ஒரு சொல் தேவை (வெள்ளிக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,

மருத்துவமனை ஒப்புதல் படிவம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சிறுகுடலைப் படமெடுக்க விழுங்கும் ‘கேமரா மாத்திரை’யில் சிக்கல் இல்லை. அதற்கு முன் விழுங்கச் சொல்லும் பேட்டன்சி கேப்சூல்தான் இடிக்கிறது. கிரோன் நோயோ (நாள்பட்ட குடல் அழற்சி), பல வருடம் வலி மாத்திரை தின்ற வயிறோ என்றால் சிறுகுடல் எங்காவது சுருங்கியிருக்கலாம். கேமரா அங்கே சிக்கினால் சில சமயம் அறுவை செய்தே எடுக்க வேண்டிவரும். அதனால் அதே அளவில், 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. குறுக்களவில், லாக்டோஸும் பேரியமும் கலந்த ஒன்றை முதலில் அனுப்புகிறார்கள். 30 மணி நேரத்துக்குள் முழுசாக வந்துவிட்டாலோ, உள்ளிருக்கும் சில்லு ஸ்கேனருக்கு அகப்படாவிட்டாலோ வழி இருக்கிறது என்று பொருள். மாட்டிக்கொண்டால் அதற்குமேல் தானே கரையத் தொடங்கும். ‘அடைப்பறி குளிகை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

——

> அடைப்பறி குளிகை

ஐயா, ‘அடைப்பு + அறி’ என்று பிரிப்பது நீங்களும் நானும்தான். நோயாளி காதில் ‘பறி’ என்றே விழும். அடைப்பைப் பிடுங்கி எறியும் மருந்து என்று நம்பிக் கையெழுத்துப் போடுவார்.

பேட்டன்சிக்கு லத்தீன் வேர் ‘திறந்து கிட’ என்பது. ஆகவே ‘திறவுக் குளிகை’. காப்புரிமையைக் குறிக்கும் பேட்டன்டும் இதே வேர்தான். எல்லோர் பார்வைக்கும் திறந்து வைத்த அரசாணை. அந்தக் காலத்திலேயே நாம் அதைத் ‘திறந்த முடங்கல்’ (முடங்கல் என்றால் மடல்) என்று சொல்லியிருந்தால்… நீள்கிறது, நிறுத்துகிறேன்.

——

திறவு என்றாலும் திறக்கும் மருந்து என்றுதானே ஆகும்? குளிகையும் வேண்டாம். எங்கள் ஊரில் குளிகை என்றால் பஞ்சாங்கம். செவ்வாய் என்றால் 12 முதல் 1.30 வரை. அந்த நேரத்தில் செய்தது திரும்ப நடக்கும் என்று பிணம் எடுக்க மாட்டார்கள். (ஒன்றை விழுங்கியவர் இன்னொன்றையும் விழுங்கப்போவதால் பொருத்தம்தான்!) மாத்திரை என்றே வையுங்கள்.

——

மாத்திரை கண்ணிமைக்கும் பொழுது. 30 மணி நேரம் குடலில் கிடப்பதற்கு அந்தப் பெயரா? வடசொல் வேறு.

——

தொல்காப்பியர் ஆண்ட சொல்லை நாம் ஏன் விரட்ட வேண்டும்?

என் பரிந்துரை ‘வெள்ளோட்ட மாத்திரை’. புதுத்தேர் செய்தால் சாமியை ஏற்றாமல் ஒருமுறை வீதி சுற்றி இழுத்துப் பார்ப்போம். முனையில் திரும்புகிறதா, மின்கம்பியில் தட்டுகிறதா என்று தெரிந்துவிடும். இங்கே சாமி கேமரா. அளவு ஒன்றே, உள்ளே ஆள் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

——

வெள்ளோட்டம் வடிவான சொல்தான். ஆனால் எங்கட பக்கம் வயிற்றோட்டம் எண்டால் பேதி. ‘வெள்ளோட்டக் குளிசை’ எண்டு குடுத்தால் பேதிக் குளிசை எண்டுதான் சனம் நினைக்கும். கேமராவுக்கு முன்னுக்கு வயிறு கழுவுறதுக்கும் மருந்து குடிக்கச் சொல்லுவினம். ரெண்டும் குழம்பும். ‘ஒத்திகை’ எண்டால் என்ன?

——

எங்கள் வார்டில் டம்மி கேப்சூல்தான். யாரும் குழம்பியதில்லை. ஒரு பெரியவர் மட்டும் “டம்மிக்கும் காசா சிஸ்டர்?” என்று கேட்டார்.

பெயர் எதுவானாலும் இரண்டு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். வெளியே வந்ததைப் பார்க்க வேண்டும். வெறுமனே வந்தால் போதாது, நசுங்காமல் உருமாறாமல் வந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கிறவரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. முதலாவதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் சுளித்து ஃபிளஷ் பண்ணிவிடுகிறார்கள்.

——

அனைவருக்கும் நன்றி. படிவம் போய்விட்டது. எண்ணிப் பார்த்ததில் ஒத்திகைக்கு ஐந்து, வெள்ளோட்டத்துக்கு மூன்று. டம்மியைக் கணக்கில் சேர்க்கவில்லை, சிஸ்டர் மன்னிக்க. ‘ஒத்திகை மாத்திரை (இதில் கேமரா இல்லை)’ என்று எழுதி, கழிப்பறை விஷயத்தைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன்.

——

ஒத்திகையில் மாட்டிக்கொண்ட நடிகர் கரைந்துபோவதில்லை. என் வாக்கு இன்னும் வெள்ளோட்டத்துக்கே.