‘சீ டே’: கடல்நாளா, கரைசேரா நாளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சொகுசுக் கப்பல் பயணத்தில் ‘சீ டே’ என்று சொல்கிறார்களே, அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கத் தமிழ்ச்சொல் தேடியதில் ஓய்வுநாள், பயணநாள், நடுக்கடல் நாள், கரைசேரா நாள், கடல்நாள் என்று ஐந்து சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. என் தேர்வு கடல்நாள். மற்றவற்றை ஏன் ஒதுக்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் பொருள். முந்தைய மாலையோ இரவோ ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய கப்பல், அடுத்த நாள் முழுவதும் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த நாள் ‘சீ டே’. பயணிகள் யாரும் இறங்குவதில்லை, புதிதாக யாரும் ஏறுவதுமில்லை. அவ்வளவுதான் வரையறை. வெயில், நீச்சல்குளம், சாய்நாற்காலி, மாலைத் தேநீர் எல்லாம் அதன் விளைவுகள்.

அதனால்தான் ‘ஓய்வுநாள்’ எனக்கு ஒப்பவில்லை. பயணியின் பக்கம் நின்று பார்த்தால் அது பொருந்துகிறது என்பது உண்மை. அவசரமாக எழ வேண்டாம், பேருந்துக்கு ஓட வேண்டாம். கப்பலைச் சுற்றி வரும் நடைத்தளத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு, பாதியில் விட்ட புத்தகத்தைக் கையில் எடுக்கலாம். ஆனால் அதே நாளில் கப்பல் என்ன செய்கிறது? 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் 24 மணி நேரம் ஓடினால் 480 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 890 கிலோமீட்டர் கடந்துவிடும். ஊழியர்களுக்கும் அன்று ஓய்வு குறைவு. துறைமுகத்தில் நிற்கும்போது பயணிகளில் பெரும்பாலோர் ஊர் பார்க்கப் போய்விடுவார்கள். கடலில் இருக்கும் நாளிலோ அத்தனை பேரும் கப்பலில்தான். சமையலறை, குளம், அரங்கம் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். துறைமுகத்தில் உள்ளூர்ச் சட்டத்தால் பெரும்பாலும் மூடிக் கிடக்கும் வரியில்லாக் கடைகளும் சூதாட்டக்கூடமும் அன்றுதான் பகலெல்லாம் திறந்திருக்கும். பயணியின் நிகழ்ச்சிநிரலிலும் ஊழியரின் பணிப்பட்டியலிலும் ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சமையல்காரரின் பட்டியலில் ‘ஓய்வுநாள்’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

‘பயணநாள்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயணச்சீட்டில் தேதிக்கு நேரே அச்சாகிற சொல் அது. அதை இங்கே இழுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘நடுக்கடல் நாள்’ செய்தித்தாள் வாசகருக்கு உடனே புரியும். சிக்கலும் அங்கேதான். ‘நடுக்கடலில்’ என்று தொடங்கும் செய்தி பெரும்பாலும் ‘தத்தளிப்பு’ என்றோ ‘மீட்பு’ என்றோதான் முடிகிறது. நிம்மதியான ஒரு நாளுக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டாமே. தவிர, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே நாள் முழுக்க ஓடும் கப்பல்களும் உண்டு.

இப்போது ‘கரைசேரா நாள்’. பொருள் துல்லியம், ஓசையும் அழகு. பரிந்துரைத்தவரின் சொல்லுணர்வை மதிக்கிறேன். ஆனால் தமிழில் கரைசேர்வது என்றால் பிழைப்பது, துன்பம் நீங்குவது. பிள்ளைகளைக் கரைசேர்த்தாயிற்று என்று பெற்றோர் பெருமூச்சு விடுவதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். அதன் எதிர்மறையைக் கேட்டதும் மனம் முதலில் போவது இழப்பின் பக்கம். இன்னொன்றும் உண்டு. காற்று பலமாக இருந்தால், பட்டியலில் இருந்த துறைமுகத்துக்குள் நுழையாமல் தலைவர் (கேப்டன்) கப்பலைத் திருப்பிவிடுவார். திட்டத்தில் இல்லாமல் கடலிலேயே கழியும் அந்த நாளைத் தனியே குறிப்பிட ஒரு சொல் வேண்டும். ‘கரைசேரா நாள்’ என்பதை அதற்கு வைத்துக்கொள்ளலாம். ஏமாற்றத்தின் சாயல் அங்கே பொருத்தமாகவே இருக்கும்.

கடல்நாளுக்கு எழுந்த தடைகளில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது கால்வாய் பற்றியது. பனாமா கால்வாயைக் கடக்கும் நாளில் கப்பல், நீர்மட்டத்தை உயர்த்தி மேலேற்றும் மதகுகள் வழியாக ஏறி, கடல் மட்டத்துக்குச் சுமார் 26 மீட்டர் மேலே இருக்கும் காடூன் ஏரியில் நன்னீரில் மிதக்கிறது. அதைக் கடல்நாள் என்பது எப்படிச் சரியாகும்? அலாஸ்காவின் கிளேசியர் பே போன்ற பனியாற்று விரிகுடாக்களில் மெதுவாகச் சுற்றிவரும் நாளிலும் கப்பல் எங்கும் நிற்பதில்லை, ஆனால் இருபுறமும் மலை. கேள்வி நியாயமானது. ஆனால் பயணத்திட்டங்களிலேயே இவற்றைக் கடலில் கழியும் நாள்களிலிருந்து பிரித்து வேறு பெயரில்தான் குறிக்கிறார்கள். நாமும் பிரிக்கலாம்: ‘கால்வாய் கடப்பு’, ‘காட்சி உலா’. ஒரே சொல்லை நீட்டி எல்லாவற்றையும் மூட வேண்டிய அவசியம் இல்லை.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளுக்கு, கடல்நாளின் இணையாகத் ‘துறைநாள்’ வேண்டும் என்கிறேன். துறை என்றதும் அரசுத் துறை நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். படித்துறையும் நீர்த்துறையும் இன்னும் பேச்சில் இருக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. பக்கத்தில் கடல்நாள் இருந்தால் பொருள் தானாகத் தெளிந்துவிடும். பயணத்திட்ட அட்டவணையில் ஊர்ப்பெயர் வரும் கட்டத்தில் மட்டும் ‘கடலில்’ என்று போட்டால் போதும்.

சொல் பயன்பாட்டில் எப்படி நிற்கிறது என்றும் பார்த்தேன். 2004இல் ஓடத் தொடங்கிய ‘குயின் மேரி 2’ கப்பல் இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு வழக்கமாக ஏழு இரவுகள் எடுத்துக்கொள்கிறது. இடையில் துறைமுகம் எதுவும் இல்லை. ‘தொடர்ந்து ஆறு கடல்நாள்கள்’ என்று தடையில்லாமல் எழுத முடிகிறது. இரு ஊர்களுக்கும் ஐந்து மணி நேர வேறுபாடு என்பதால், மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதாவது 25 மணி நேரக் கடல்நாள்கள்! நண்பகலில் கப்பல் இருக்கும் இடம், வேகம், காற்று ஆகியவற்றை ஒலிபெருக்கியில் சொல்வார்களே, அது ‘கடல்நாள் நண்பகல் அறிவிப்பு’. இதுவும் இயல்பாகவே வருகிறது.

‘சொகுசுக் கப்பல்’ என்ற சொல்லையே மாற்ற வேண்டும் என்ற கருத்துக்கும் என் ஆதரவு உண்டு. 1891 ஜனவரியில் ஜெர்மன் கப்பல் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக் வழியில் பயணிகள் குறைந்ததால், ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலில் சுற்றிவர அனுப்பினார். ஓரிடம் போய்ச் சேர்வதற்காக இல்லாமல் கடலில் உலா வருவதற்காகவே போன பயணம் அது. இந்த வகையின் அடையாளம் அந்த உலாதான். எனவே ‘உலாக்கப்பல்’. சொகுசு கூடலாம், குறையலாம்.

பதிவுக்கு என் வரைவு: கடல்நாள் – உலாக்கப்பல் பயணத்தில், கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே ஓடும் முழுநாள், எதிர்ச்சொல் துறைநாள்.

அப்புறம், கப்பலின் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க இருபுறமும் நீருக்கடியில் நீளும் செட்டைகளுக்கு ‘நிலைப்படுத்தி’ என்று போட்டிருக்கிறோம். அவை முன்பின் ஆட்டத்தைத் தடுப்பதில்லை என்பதால் அந்தச் சொல் அளவுக்கு மீறிய உறுதி தருகிறது. இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் கடலோடிகளிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதிலிருந்தே செட்டைக்கும் பெயர் வைத்துவிடலாம்.