மூணு பிளேடு மடக்குக் கத்தி: எது எதுக்கு?

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

பிரியா: மாமா, இந்தப் போட்டோவைப் பாருங்க. ஒரே கத்தியில மூணு பிளேடு. எது எதுக்கு?

பெரிய மாமா: இதுக்கு ஸ்டாக்மேன்னு பேரும்மா. அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரங்க கத்தி. நீளமானது கிளிப் பாயின்ட். முதுகு நுனிகிட்ட உள்வாங்கி, முனை ஊசியா முடியும். முள் எடுக்கலாம், துளை போடலாம். எதையும் நெம்பிடாதே, முனை பட்டுனு ஒடிஞ்சிடும்.

பெரிய மாமா: வாய் நேரா இருந்து, முதுகு வளைஞ்சு இறங்குதுல்ல, அது ஷீப்ஸ்ஃபுட். ஆட்டுக் குளம்பு சீவ. கப்பல்ல கயிறு அறுக்கவும் இந்த வடிவம்தான். கப்பல் ஆடி கை தவறினாலும் ஆளைக் குத்தாது.

ரவி: அந்த மொண்ணை முனை?

பெரிய மாமா: ஸ்பே. கன்னுக்குட்டிக்குக் காயடிக்க. தோலை அறுக்குறப்போ முனை உள்ள பாய்ஞ்சிடக் கூடாது, அதான் மழுக்கி வச்சிருக்காங்க. நம்ம பக்கம் அறுக்காம இடுக்கி வச்சு நசுக்குறதால இந்தக் கத்தி தேவைப்படல.

செல்வி சித்தி: ரோஜாவோட துளிர் மொட்டை இன்னொரு செடித் தண்டுல ஒட்ட எது ஆகும் மாமா?

பெரிய மாமா: ஒட்டுக்கத்தியே தனி. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் சாணை பிடிச்சிருக்கும், சீவினா வெட்டு தட்டையா வரும். அது இல்லேன்னா அந்த நேர்வாய் பிளேடு. முதல்ல ஸ்பிரிட்ல துடைச்சிடு. ஒட்டப்போற தண்டுல குறுக்கே 1 செ.மீ., அதிலிருந்து கீழே 2.5 செ.மீ. கீறு. பட்டை மட்டும்தான் அறுபடணும், கட்டையில இறங்கக் கூடாது.

செல்வி சித்தி: பட்டை உரியாம கிழியுதே?

பெரிய மாமா: செடி காய்ஞ்சு கிடக்கு. ரெண்டு மூணு நாள் முன்னாடியே நல்லா தண்ணி விடு, சாறு ஓடினா பட்டை தானா விலகும். பட்டையைத் தூக்க கத்தி வாயைக் கொடுக்காதே, முதுகுப்பக்கம் போதும். மொட்டைச் சொருகினதும் பாலித்தீன் நாடாவால இறுக்கிச் சுத்து, மொட்டோட கண்ணு மட்டும் வெளிய தெரியட்டும். மழுங்கின கத்தின்னா பட்டை நசுங்கும், நசுங்கின இடம் கறுத்துடும், ஒட்டாது.

ரவி: அரிவாள் மாதிரி உள்பக்கம் வளைஞ்ச மடக்குக் கத்தி பார்த்தேனே?

பெரிய மாமா: ஹாக்பில். கவாத்துக்கும், அதாவது கிளை நறுக்கவும், தரைவிரிப்பு அறுக்கவும். கிளையை வளைவுல மாட்டி இழுத்தா நழுவாது. தட்டைக் கல்லுல தீட்ட முடியாது, உருண்டைக் கோல் வேணும்.

பெரிய மாமா: பிரியா, ஒண்ணு முக்கியம். உன் போட்டோவுல இருக்கிற கத்தியில பூட்டு கிடையாது, பின்னால இருக்கிற வில்லுதான் பிளேடைப் பிடிச்சிருக்கு. குத்தித் தள்ளினா மடங்கி விரல்லதான் விழும். எப்பவும் இழுத்தே அறு.