செகண்ட் லைஃபில் மாலை நேரங்களில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது: எதிலிருந்து சோதிக்கத் தொடங்குவது?

பின்கட்டு எழுதியது:
வணக்கம். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்துக்குள், அதைத் திரையில் காட்டும் பயர்ஸ்டார்ம் வியூவர் என்ற செயலி வழியாக நுழைந்து வருகிறேன். ஒரு மாதமாக, மாலை ஏழு மணிக்கு மேல் அரை மணி நேரம்கூட உள்ளே நிலைத்திருக்க முடியவில்லை. முதலில் சுற்றியிருப்பவர்கள் தாம் நடந்த திசையிலேயே சுவரையும் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் தட்டச்சு செய்த வரி அரட்டையில் ஏறுவதில்லை. சற்று நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்பட்டதாக அறிவிப்பு வருகிறது. உடனே மறுபடி நுழைய முயன்றால், முந்தைய வருகை இன்னும் முடித்துவைக்கப்படவில்லை என்று காக்க வைக்கிறது. வேகச் சோதனையோ 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது; அதே வேளையில் வீட்டில் மற்றவர்கள் தடையின்றிப் படம் பார்க்கிறார்கள். வியூவரை இருமுறை நீக்கிவிட்டு நிறுவியும் பயனில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

ஓரக்கால் எழுதியது:
கேஷை (வியூவர் கணினியில் சேமித்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை) முழுவதுமாக அழித்துவிட்டு ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

செம்புக்கம்பி எழுதியது:
கேஷை அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழித்த பிறகு எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டியிருப்பதால், ஏற்கெனவே தடுமாறும் இணைப்பின் மீது கூடுதல் சுமைதான் ஏறும்.

படம் தடையின்றி ஓடுவதை வைத்து இணைப்பு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. படம் சில வினாடிகளுக்கு உரியதை முன்கூட்டியே சேமித்துக்கொள்வதால், இடையில் தொலைந்த பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) மறுபடி வந்து சேரும் வரை நமக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் இங்கே அவதாரின் (அந்த உலகில் நம் உருவத்தின்) அசைவும் பொருள்களின் நிலையும் யுடிபி என்ற, காத்திருக்காமல் அனுப்பும் முறை வழியாக உடனுக்குடன் வந்தாக வேண்டும். வராத இடைவெளியை வியூவர் ஊகத்தால் நிரப்புவதால்தான் மனிதர்கள் சுவருக்குள் நடக்கிறார்கள். ஆகவே வேகத்தை விட்டுவிட்டு பாக்கெட் இழப்பைப் பாருங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் புள்ளிவிவரப் பட்டையில், பாக்கெட் லாஸ் என்ற வரி சுழியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பிங் சிம், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 250 அல்லது 300 மில்லி வினாடி என்று காட்டினால் அஞ்ச வேண்டாம். சர்வர்கள் அமெரிக்காவில் இருக்கின்றன, இந்தியாவிலிருந்து அந்தத் தொலைவுக்கு அவ்வளவு ஆகும். எண் பெரியதாக இருப்பதைவிட அது ஏறியிறங்கித் தள்ளாடுவதுதான் கெட்ட அறிகுறி.

முதலில் வைஃபையை அணைத்துவிட்டு, ரவுட்டரிலிருந்து நேராகக் கேபிள் போட்டு ஒரு மாலை முழுவதும் இருந்து பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எந்த அமைப்பையும் மாற்ற வேண்டாம், மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாமலே போய்விடும். கேபிளிலும் இழப்பு தெரிந்தால், விருப்பங்களில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதிகபட்ச பேண்ட்வித்தை (வியூவருக்கான தரவு வேக வரம்பை) 1500 கேபிபிஎஸ்ஸுக்கு மேற்படாமல் வையுங்கள். எம்பிபிஎஸ் கணக்கில் பழகிய பலர் அதைக் கடைசி வரை இழுத்துவிடுகிறார்கள்.

பின்கட்டு எழுதியது:
இரண்டு மாலைகள் சோதித்தேன். வைஃபையில் இழப்பு 4 சதவீதம் வரை ஏறியது. சமையலறையில் மைக்ரோவேவ் ஓடிய சில நிமிடங்களில் 11 சதவீதம். இரவுச் சாப்பாட்டைச் சூடாக்கும் நேரமும் நான் துண்டிக்கப்படும் நேரமும் ஒன்றே என்பது இப்போதுதான் உறைக்கிறது. கேபிளில் இழப்பு சுழியம். ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன், அறுபடவில்லை. ஆனால் கூட்டம் நிறைந்த இசை நிகழ்ச்சிக்கு டெலிபோர்ட் செய்தபோது (ஒரே தாவலில் இடம் மாறியபோது) மட்டும் மறுபடி வெளியே விழுந்தேன்.

வலைமீன் எழுதியது:
இது வேறு கோளாறு, முன்னதோடு குழப்ப வேண்டாம். ஒவ்வொரு ரீஜனும் (நிலப்பகுதியும்) 256 மீட்டர் சதுரம், ஒவ்வொன்றையும் தனித்தனி சிமுலேட்டர் (சர்வரில் ஓடும் நிரல்) இயக்குகிறது. டெலிபோர்ட் செய்யும்போது, அணிந்திருக்கும் பொருள்களோடும் அவற்றுள் ஓடும் ஸ்கிரிப்ட்டுகளோடும் (சிறு நிரல்களோடும்) அவதார் மொத்தமாக ஒரு சிமுலேட்டரிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற வேண்டும். போய்ச் சேரும் இடம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்தால் அந்தக் கைமாற்றம் பாதியில் நின்றுவிடும். புறப்படுவதற்கு முன் ஸ்கிரிப்ட் மிகுந்த அணிகலன்களைக் கழற்றிவிட்டு, டிரா டிஸ்டன்ஸை (எவ்வளவு தொலைவு வரை காட்சி வரையப்படும் என்பதை) 64 மீட்டராகக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் பக்கத்து ரீஜனில் இறங்கி நடந்து போகலாம், ஆனால் எல்லை தாண்டுவதும் அதே கைமாற்றம்தான் என்பதால் அதை உறுதியான வழியென்று சொல்ல மாட்டேன். மற்றபடி, ரீஜன் மறுதொடக்கம் செய்யப்படுகிறது என்ற எச்சரிக்கை திரையில் வந்த பிறகும் அங்கேயே நின்று வெளியேற்றப்பட்டால், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

பின்கட்டு எழுதியது:
டிரா டிஸ்டன்ஸ் 256இல் இருந்தது. 64ஆகக் குறைத்து, முடியலங்காரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிய பின் அதே அரங்கத்துக்கு மூன்று முறை போய் வந்தேன், ஒருமுறையும் விழவில்லை. கூடத்தின் குறுக்கே கிடக்கும் கேபிளுக்குத்தான் வீட்டில் இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. ரவுட்டரின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றி, மைக்ரோவேவ் ஓடும்போது இழப்பு எவ்வளவு என்று நாளை மாலை பார்த்து எழுதுகிறேன்.