மெட்டா அனாலிசிஸில் (ஏற்கெனவே நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்துக் கணக்கிடும் முறை) தீசிஸ் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்வியியல்_ஆய்வாளர்:
வைவா முடிந்து மாதங்கள் ஆகியும் மனசு ஆறவில்லை. ஃபாரஸ்ட் பிளாட்டை, அதாவது தொகுத்த ஆய்வுகளின் முடிவுகளை வரிசையாகக் காட்டும் படத்தை, திரையில் போட்டதும் வெளித் தேர்வாளர் கேட்டார்: "எல்லாம் சரி, இதில் உங்கள் டேட்டா எங்கே?" அதில் ஒவ்வொரு சதுரமும் நான் வரி வரியாகப் படித்து கோடிங் ஷீட்டில் ஏற்றிய ஓர் ஆய்வு. கைடு தலை குனிந்து தீசிஸைப் புரட்டிக்கொண்டிருந்தார், வாயே திறக்கவில்லை. ஜீன் கிளாஸ் 1976-லேயே பெயர் வைத்த முறை இது. இன்னமும் லிட்டரேச்சர் ரிவ்யூ என்றே நினைக்கிறார்கள்.

உளவியல்_மாணவி:
அது அவமதிப்பு இல்லை என்பேன். எதைச் சேர்த்தீர்கள், எதை விட்டீர்கள், ஏன் என்பதுதான் நம் டேட்டா. என் தொகுப்பில் மற்ற ஆய்வுகளின் எஃபெக்ட் சைஸ் (குழுக்களின் சராசரி வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) எல்லாம் 0.2-க்கும் 0.8-க்கும் நடுவில், ஒன்று மட்டும் 3.5. கைடு "அவுட்லையர் (மற்றவற்றோடு ஒட்டாத மதிப்பு), தூக்கிவிடு" என்றார். அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன். குழுவுக்கு 25 பேர், திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) 2.1 என்று அச்சாகியிருந்தது. அதே அளவுகோலில் மற்றவர்களுக்கெல்லாம் 10-க்குப் பக்கம். திட்டப் பிழையைத்தான் (விலக்கத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தது) திட்ட விலக்கம் என்று போட்டிருக்கிறார்கள்! 25-இன் வர்க்கமூலம் 5, 2.1-ஐ அதால் பெருக்கினால் 10.5, எஃபெக்ட் சைஸ் 0.7-க்கு இறங்கிவிட்டது. ஆசிரியர்களுக்கு மெயில் போட்டேன், பதிலே வரவில்லை. அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

புள்ளியியல்_துணை:
என்னிடம் வந்த ஒருவர் 6 ஆய்வுகளுக்கு ஃபனல் பிளாட் (ஆய்வுகளின் முடிவையும் துல்லியத்தையும் சேர்த்துக் காட்டும் படம்) வரைந்து "பப்ளிகேஷன் பயஸ் இல்லை", அதாவது சாதகமான முடிவுகள் மட்டுமே வெளியாகும் சாய்வு இல்லை, என்று எழுதியிருந்தார். 10-க்குக் கீழே இருந்தால் அந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இனித் தொடங்குபவர்களுக்கு: புரோட்டோகாலை (ஆய்வை எப்படிச் செய்வீர்கள் என்ற திட்டம்) கட்டுரைத் தேடலுக்கு முன்பே இணையப் பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். உடல்நலம் சார்ந்த தலைப்பு என்றால் புராஸ்பெரோ, மற்றவற்றுக்கு ஓஎஸ்எஃப். கோடிங்குக்கு இரண்டாவது ஆள் கட்டாயம். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனீர்கள் என்று காட்டும் கப்பா மதிப்பையும் எழுதுங்கள். ஐ-ஸ்கொயர் (ஆய்வுகளின் முடிவு வேறுபாட்டில் தற்செயலால் வராத பங்கு) 80% வந்த பிறகு ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாடலுக்கு (உண்மையான விளைவே ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் கணக்கு) தாவாதீர்கள், மாடலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வெளியாகாத தீசிஸ்களையும் தேடுங்கள். அப்புறம் எத்தனை கட்டுரைகள் கிடைத்தன, எத்தனையை விட்டீர்கள் என்று காட்ட பிரிஸ்மா 2020 படம், பழைய 2009 வடிவம் வேண்டாம்.

கல்வியியல்_ஆய்வாளர்:
இதெல்லாம் செய்திருந்தேன் ஐயா. பதிவு எண்கூட முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. உளவியல்_மாணவி, உங்கள் கைடு "தூக்கிவிடு" என்றாவது சொன்னார். என்னுடையவர் அந்த அறையில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.