மறு: ‘காட்சி எழுத்தறிவு’ சரிவருமா? ‘உருநோக்கு’ என்றொரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்குப் புதுச்சேரியிலிருந்து வணக்கம். ஓவியம், சிற்பம் போன்றவற்றைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறனை ஆங்கிலத்தில் ‘விஷுவல் லிட்டரசி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சில் ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> விஷுவல் லிட்டரசிக்குக் ‘காட்சி எழுத்தறிவு’ போதும். கணினி எழுத்தறிவு, ஊடக எழுத்தறிவு என்ற வரிசையில் இதுவும் உட்கார்ந்துகொள்ளும்.

ஐயா சொல்லும் வரிசை நியாயம் புரிகிறது. 1969-இல் ஜான் டெபஸ் வரையறுத்த அந்த ஆங்கிலச் சொல்லே எழுத்தறிவின் அச்சில் வார்த்ததுதான். ஆனாலும் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறவள் என்ற முறையில் இதை ஏற்க மனம் வரவில்லை. படிக்கத் தெரிந்தவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. அதைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார். ஓவியத்திலும் சிற்பத்திலும் அந்தத் தாண்டல்தான் கெடுதல்.

சிதம்பரம் கோபுர வாயில்களில் 108 கரணங்கள், அதாவது ஆடல் நிலைகள், சிற்பமாக இருக்கின்றன. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் நாட்டிய சாத்திரச் சுலோகங்களையும் பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்கள். சுலோகம் படித்தவருக்கு எந்தக் கரணம் என்று தெரிந்துவிடும். உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, இடுப்பு ஏன் அந்தப் பக்கம் ஒடிகிறது, அவ்வளவு சிறிய கட்டத்துக்குள் கை எப்படி அடங்கியது என்பதெல்லாம் சுலோகத்தில் கிடைக்காது. பிள்ளைகளோ “பரதநாட்டியம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். பெயர் தெரிந்ததும் கண் ஓய்ந்துவிடுகிறது.

இன்னொரு சான்று, நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசையில் மலையாள எழுத்துச் சாயலில் வரிவரியாக இருக்கும், எண்கள் இருக்கும், சாதகக் கட்டம் போன்ற கட்டங்கள் இருக்கும். எதையும் படிக்க முடியாது. எழுத்தாகப் படிக்கப் போகிறவர் கையை விரித்துத் திரும்ப வேண்டியதுதான். அந்த வரிகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே இடம் விடுகின்றன, எந்த நிறத்தின் மேல் ஊர்கின்றன என்று பார்க்கிறவருக்கு ஓவியம் திறக்கிறது. இந்தத் திறமைக்கு ‘எழுத்தறிவு’ என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது. செய்யுள் உறுப்புகளில் ஒன்றாகத் தொல்காப்பியம் ‘நோக்கு’ என்பதைச் சொல்கிறது: “நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே.” பிறிதொன்றை நோக்காமல் அதையே நோக்கி நிற்கும் நிலை என்பது பழைய உரையாசிரியர் இளம்பூரணர் உரை. மறித்து, அதாவது மீண்டும் திரும்பி, நோக்கிப் பயன்கொள்ள வைப்பது என்பார் பேராசிரியர் என்ற பெயருடைய இன்னொரு பழைய உரையாசிரியர். செய்யுளுக்குச் சொன்னதுதான், ஆனால் ஓவியத்தின் முன் நாம் பழக வேண்டியவை இந்த இரண்டுமே. நின்று நோக்குதல், மறித்து நோக்குதல். ஆகவே ‘உருநோக்கு’ என்கிறேன். உருநோக்குப் பயிற்சி, உருநோக்குத் திறன், உருநோக்கர் என்று சொல் தடையின்றிக் கிளைக்கும்.

விழுப்புரம் பக்கம் பனைமலைக்குப் போயிருக்கிறீர்களா? இராசசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில், ஒரு சிறு சந்நிதிச் சுவரில் உமையின் ஓவியம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, சாய்ந்த தலை, மடித்த ஒரு கால். “அம்மன்” என்று கும்பிட்டுவிட்டு வருவது ஒரு வகை. அதில் குறை ஒன்றுமில்லை. நின்று நோக்கினால் அவள் எதையோ பார்க்கிறாள் என்பது தெரியும். அந்தத் தலைச் சாய்வும் காலின் தளர்வும் வணங்குகிறவளுடையவை அல்ல, லயித்து நிற்கிறவளுடையவை. அவள் பார்த்தது ஆடும் சிவனை. அந்தச் சிவன் ஓவியம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அழிந்துபோன ஆட்டத்தை அவளுடைய நிலையிலிருந்து நாம் ஊகிக்கிறோம். உருநோக்குக்கு நான் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இதுதான்.

> ‘உரு’ என்றால் அருவ ஓவியம் விடுபடாதா?

விடுபடாது என்றே நினைக்கிறேன். ஆளோ மரமோ இல்லாத ஓவியத்திலும் வண்ணத்திட்டுக்கு விளிம்பும் பரப்பும் உண்டு, அதுவும் உருதான். இலங்கைப் பாடநூல்களில் வரைபடம், விளக்கப்படம் எல்லாவற்றுக்கும் ‘உரு’ என்றுதான் எண் இடுகிறார்கள். ‘உருப்போடுதல்’ நினைவுக்கு வரும் என்ற கவலை சிறியது. ‘படவாசிப்பு’ என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார்; இனிமையான சொல், ஆனால் சிற்பத்தை வெளியே விட்டுவிடும்.

வகுப்பில் பயன்படுத்த இன்னொன்றும் தேவை. கலைப்படைப்பைப் பார்த்துப் பேசவைப்பதற்காக அபிகெயில் ஹவுசனும் பிலிப் யெனவைனும் வகுத்த மூன்று கேள்விகளை நான் புதுச்சேரி அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகள் முன்னால் நம் பேச்சில்தான் கேட்கிறேன்: “இதுல என்ன நடக்குது?” “எத வெச்சு அப்படிச் சொல்ற?” “இன்னும் என்ன தெரியுது?” இரண்டாவது கேள்விதான் உயிர். விடையைக் கண்ணுக்குத் தெரிவதில் கட்டிப்போடுவது அது. அதற்குக் ‘கண்சான்று’ என்று பெயரிடலாமா? ‘கண்கண்ட சாட்சி’யோடு குழம்புமோ என்று ஐயம்.

ஓவியத்துக்குப் பொருள்காணக் கலை வரலாற்றறிஞர் எர்வின் பனோஃப்ஸ்கி 1939-இல் வைத்த மூன்று படிகளுக்கும் சொல் வேண்டும். கண்ணில் படுவதைச் சொல்வது முதற்படி: ‘உள்ளது கூறல்’. இன்ன தெய்வம், இன்ன கதை என்று அறிவது இரண்டாவது: ‘படிமவியல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அந்தக் காலமும் சமூகமும் அந்த உருவில் எப்படிப் படிந்திருக்கின்றன என்று காண்பது மூன்றாவது. ‘உட்பொருளியல்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பொருளியல்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டு இடறுகிறது. இந்த மூன்றாவதற்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.